தொப்பை சிறுநீரகத்துக்கு அனுப்பும் சிக்னல்: தருமபுரி இளைஞர்கள் ஏன் கவனிக்கணும்?

தருமபுரியில் கிட்னி பிரச்சினை என்று பேச்செடுத்தாலே, "எல்லாம் தண்ணிதான்" என்ற பதில் வரும். காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள மாவட்டம் இது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் பயன்பாட்டுக்கும் வந்தது. ஆனால் ஓசூரிலும் பெங்களூரிலும் நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்க்கும் தலைமுறை, தண்ணீரோடு தன் இடுப்பளவையும் பார்த்தாக வேண்டும்.

கொழுப்பு சும்மா இருப்பதில்லை

கொழுப்புத் திசு ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பு. அதில் முக்கியமானது லெப்டின். 1994-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு கண்டுபிடித்தது. பசியை அடக்குவது இதன் வேலை. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். அளவு மீறினால் ரத்த அழுத்தம் ஏறலாம். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் தழும்பு விழுவதையும் எலி ஆய்வுகள் காட்டியுள்ளன.

அடிபோனெக்டின் இதற்கு நேரெதிர். வடிகட்டிகளைக் காக்கும் இது, தொப்பை கூடினால் குறைந்துவிடும். இது சுரக்காத எலிகளின் சிறுநீரில் புரதம் கசிந்தது.

அப்போ ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். லெப்டினை ரத்தத்திலிருந்து அகற்றுவதே சிறுநீரகம்தான். அது பழுதானால் லெப்டின் தேங்கும். நோய் முற்றினால் அடிபோனெக்டினும் உயரும். எது காரணம், எது விளைவு என்று அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. காசுதான் வீண்.

பிறகு என்னதான் செய்வது?

ஒரு இன்ச் டேப் போதும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. கூடவே பி.பி., சுகர், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம்.

இந்தக் கடைசி டெஸ்டைத்தான் நிறுவனங்களிடம் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். ஆண்டுப் பரிசோதனையில் ரத்தக் கிரியாட்டினின் 'நார்மல்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். சிறுநீரகத் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அந்த எண் தெளிவாக ஏறும். சிறுநீரில் அல்புமின் கசிவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.

2021-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', பி.பி., சுகர் மாத்திரைகளோடு டயாலிசிஸ் பைகளையும் வீடு தேடிக் கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் நம் வீட்டுக்கு வர வேண்டியது அந்தப் பை இல்லை. முப்பது வயதில் செய்யும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, அதைத் தள்ளிப்போட உதவும். அடுத்த ஹெல்த் செக்கப்புக்கு முன்னாடியே எச்.ஆரிடம் கேட்டுடுங்க.