எண்ணெய் என்றால் எந்த எண்ணெய்?

லாரிக்காரர்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு. டீசல் விலையைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது விரல் நுனியில் இருக்கும். கியர்பாக்ஸில் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "தொண்ணூறுதான் சார்." எந்தத் தொண்ணூறு என்று மறுபடி கேட்டால், ரிடையரான மனுஷனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

வேறு வேலை இல்லைதான். ஆனாலும் கேள்வி நியாயமானது.

நான் மெக்கானிக் அல்ல. உத்தியோக காலத்தில் சில ஆண்டுகள் வண்டிகளுக்கான சாமான் கொள்முதல் கோப்புகள் என் மேஜையில் இருந்தன. இண்டெண்ட் வரும், மூன்று கொட்டேஷன் வரும், விலை ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேலே அனுப்புவேன். அந்த நாற்காலியில் நான் தெரிந்துகொண்டது ஒன்று: கோப்பில் என்ன சொல் இருக்கிறதோ அதுதான் கடையிலிருந்து பொருளாக வரும். "கியர் ஆயில், 20 லிட்டர்" என்று எழுதினால், கடைக்காரரிடம் மலிவாக எது இருக்கிறதோ அது வந்து சேரும். அதில் அவர் பிழை எதுவும் இல்லை. கேட்டதைக் கொடுத்தார்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், சொல் ஒன்று கண்ணில் பட்டால் அதன் பிறப்பைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. எள்ளின் நெய் என்பதால் எண்ணெய். பிரெஞ்சில் எண்ணெய்க்கு 'ஊய்ல்' என்பார்கள். அது ஒலிவக் காயின் பெயரிலிருந்து வந்தது. இரண்டு மொழிகளுமே ஒரு குறிப்பிட்ட எண்ணெயின் பெயரை எல்லா எண்ணெய்க்கும் சூட்டிவிட்டன. அடுப்படியில் இதனால் பாதகமில்லை. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்துக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பட்டறையில் அந்தப் பிரிவினை இன்னும் வரவில்லை.

முதலில் அந்தத் தொண்ணூறைப் பார்ப்போம். அது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அளவு. எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. தரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. எஞ்சின் ஆயிலுக்கு 40, 50 என்று இருக்கும் எண்கள் வேறு வரிசை, கியர் ஆயிலின் எண்கள் வேறு வரிசை. கொதிக்கும் தண்ணீரின் சூட்டில், அதாவது 100 டிகிரியில், கியர் ஆயில் 90-இன் கெட்டி 13.5 முதல் 18.5 வரை, எஞ்சின் ஆயில் 40-க்கு 12.5 முதல் 16.3 வரை. கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான். தொண்ணூறு என்ற எண்ணைக் கேட்டு, நாற்பதைவிட இரண்டு மடங்கு பலம் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். டப்பாவில் 80டபிள்யூ-90 என்று இருந்தால், முதல் எண் குளிர் நாட்டுக்கானது. 80டபிள்யூ என்பது பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலும் குறித்த அளவுக்கு மேல் இறுகாது என்ற உறுதிமொழி. புதுச்சேரியில் நமக்கு அந்தக் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டிய எழுத்து அதற்குப் பக்கத்தில், சிறியதாக இருக்கிறது. ஜி.எல்-4 அல்லது ஜி.எல்-5. இது ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வகைப்பாடு. எண்ணெய் எந்த வேலைக்கு என்பதைச் சொல்வது இதுதான். நம் ஆட்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே ஐந்து உசத்தி, அதையே ஊற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்கள் மதிப்பெண் அல்ல, பஸ் ரூட் நம்பர் மாதிரி. ஐந்தாம் நம்பர் பஸ் நான்காம் நம்பரைவிடச் சிறந்த பஸ் அல்ல. வேறு ஊருக்குப் போகிற பஸ்.

எந்த ஊர், எந்த ஊர் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1890களில் பிரான்சில் பனார், லெவசோர் என்ற இருவரின் கம்பெனி, பற்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் கியர்பாக்ஸைக் காரில் வைத்தது. ஓடும் சக்கரத்தின் மேல் இன்னொரு சக்கரத்தைத் தள்ளி மோதவிடும் ஏற்பாடு. "முரட்டுத்தனம்தான், ஆனால் வேலை செய்கிறது" என்று லெவசோர் சொன்னதாக ஒரு பேச்சு வழக்கில் உண்டு. பிரெஞ்சில் கியர்பாக்ஸுக்கு 'வேகங்களின் பெட்டி' என்று பெயர். அந்த முரட்டுப் பெட்டியில் பல்லும் பல்லும் மோதும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

1920களில் இரண்டு புதுமைகள் வந்தன. ஒன்று பின் அச்சில். ஹைப்பாய்டு என்ற வகைப் பற்சக்கரங்கள். பேக்கார்ட் கார்களில் வந்து பிறகு பரவின. அந்தப் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று உருள்வதோடு, பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை எண்ணெயில் சேர்த்தார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அந்த மருந்து இரும்போடு சேர்ந்து மெல்லிய பூச்சாகி, தான் தேய்ந்து பல்லைக் காப்பாற்றுகிறது. ஜி.எல்-5 எண்ணெய் இந்த வேலைக்கானது. மருந்து தூக்கலாக இருக்கும்.

மற்றொன்று கியர்பாக்ஸில். 1928இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. கியர் கோக்கும் முன், கூம்பு போன்ற ஒரு வளையம் சக்கரத்தின் கூம்பில் போய் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். பிறகு பல் சத்தமில்லாமல் உட்காரும். டபுள் கிளட்ச் போட்டுக் கால் ஓய்ந்த டிரைவர்களுக்கு அது வரப்பிரசாதம். அந்த வளையம் பெரும்பாலும் பித்தளை அல்லது வெண்கலம். அது வேலை செய்வது உரசலால். உரசல் இல்லையென்றால் அந்த வளையம் வெறும் அலங்காரம்.

சொல்ல வந்த விஷயம் இதுதான். வழுக்குவதற்காகத்தான் எண்ணெய் என்று சிறு வயதிலிருந்து நம் மனதில் பதிந்துவிட்டது. பின் அச்சுக்கு அது சரி. கியர்பாக்ஸுக்கோ, பல்லுக்கு வழுக்கலும் வேண்டும், வளையத்துக்குப் பிடிப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணெய் தர வேண்டும். அதற்காக மருந்தின் அளவைக் குறைத்துப் பக்குவமாகச் செய்தது ஜி.எல்-4. பின் அச்சின் எண்ணெயைக் கொண்டுவந்து இங்கே ஊற்றினால் வளையம் வழுக்குகிறது. வேகம் சமமாகும் முன்பே பல் போய் இடிக்கிறது. மருந்தில் இருக்கும் கந்தகத்துக்குச் செம்பு கலந்த உலோகத்தைச் சூட்டில் அரிக்கும் குணமும் உண்டு. இப்போது வரும் ஜி.எல்-5 எண்ணெய்களில் பல அந்தக் குணத்தை அடக்கித் தயாரிக்கப்படுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரிப்பு குறைந்தாலும், பிடிப்பு என்னும் பிரச்சினை அதனால் தீர்ந்துவிடாது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்குத் தெரிந்த ஒருவர் கடன் வாங்கி ஒரு பழைய லாரி எடுத்தார். அவரே முதலாளி, அவரே டிரைவர். பட்டறையில் பின் அச்சுக்கு வைத்திருந்த பீப்பாயிலிருந்தே கியர்பாக்ஸுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் மூன்றாவது கியர் முரண்டு பிடித்தது. பெட்டியை இறக்கிப் பிரித்தபோது வளையங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. எண்ணெய் ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பழைய வண்டி. ஆனால் பெட்டி பட்டறையில் கிடந்த நாட்களில் தவணை நிற்கவில்லை. வாடகை மட்டும் நின்றது.

பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். பாரத்தோடு இறங்கும்போது கீழ் கியரில் போட்டு எஞ்சினால் வண்டியைப் பிடிக்க வேண்டும். மாற்றும் நேரத்தில் கியர் விழ மறுத்தால், அந்த நொடியில் வண்டி நியூட்ரலில் இருக்கிறது. பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றுதான் மிச்சம். பிரேக்கோ ஏற்கெனவே சூட்டில் இருக்கிறது.

மெக்கானிக்குகளின் பதில் எனக்குத் தெரியும். "நாற்பது வருஷமா இதத்தான் ஊத்துறேன், ஒண்ணும் ஆகல." பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தொழில் கற்ற காலத்து லாரிகள் பலவற்றில் சிங்க்ரோ வளையமே கிடையாது. இல்லாத உறுப்பு எப்படிக் கெடும்? அனுபவம் பெரிய சொத்துதான்; எந்த இயந்திரத்தில் கிடைத்த அனுபவம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாதம், இரண்டு பீப்பாய்க்குப் பதில் ஒன்று வைத்தால் சிக்கனம் என்பது. சிக்கனம் பட்டறைக்கு, செலவு வண்டிக்காரருக்கு.

இதற்காக, எல்லாக் கியர்பாக்ஸுக்கும் ஜி.எல்-4 என்று நான் புதிய மந்திரம் ஓதவில்லை. அதுவும் பழைய தொண்ணூறு மாதிரி ஆகிவிடும். அமெரிக்கப் பெரிய லாரிகளில் இருக்கும் ஈட்டன் ஃபுல்லர் பெட்டிகளில் பலவற்றுக்குச் சிங்க்ரோ இல்லை, அவற்றுக்கு எஸ்.ஏ.இ. 50 என்ற தனி எண்ணெய் சொல்கிறார்கள். டாட்ஜ் ராம் பிக்கப்பில் 2005 முதல் வந்த ஜி56 என்ற பெட்டி கையால் மாற்றுவது. ஆனால் அதற்குக் கம்பெனி ஊற்றியது தானியங்கிப் பெட்டிகளுக்கான மெல்லிய சிவப்புத் திரவம். ஊகித்து ஊற்ற முடியுமா? கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சரி. கெட்டி எண், ஜி.எல் எண், கம்பெனியின் அங்கீகாரக் குறி ஆகிய மூன்றும் டப்பாவின் முதுகில் இருக்க வேண்டும்.

கைமாறி வந்த லாரியில் கையேடு இருக்காது என்பது எனக்கும் தெரியும். பெட்டியின் மேல் அறைந்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் மாடல் எண் கிடைக்கும். அதைக் கொண்டு விற்பனையாளரிடம் கேட்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எண்ணெயின் மேல் புதியதை ஊற்றாமல், வண்டி ஓடி வந்த சூட்டோடு முழுவதும் வடித்துவிடுவது நல்லது. வடிக்கும் திருகில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது இயல்பு. வடித்த எண்ணெயில் பித்தளை நிறத்தில் மினுமினுப்பு கண்டால் வளையம் தேய்கிறது என்று அர்த்தம். பெரும்பாலான பெட்டிகளில் அளவும் எளிது: சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்புவரை. அதற்கு மேல் ஊற்றினால் நுரைத்து சீல் வழியாகக் கசியும்.

கடைசியாக, கோப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு வண்டியோ, பள்ளிப் பேருந்தோ, பத்து லாரி வைத்திருக்கும் முதலாளியோ, வாங்கும் சீட்டில் "கியர் ஆயில்" என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி எண், பெட்டியின் மாடல், எண்ணெயின் முழுக் குறியீடு ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஒரே பொருளுக்கு வந்த மூன்று விலைகளில் குறைந்ததை எடுப்பது சிக்கனம். மூன்று வேறு பொருள்களின் விலையை ஒரே பட்டியலில் போட்டுக் குறைந்ததை எடுத்தால், அதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை. டிரைவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. எண்ணெய் ஊற்றும் துளைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் குறியீட்டை எழுதி வையுங்கள். எந்த ஊர்ப் பட்டறையில் வண்டி நின்றாலும், கீழே படுத்து வேலை பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கட்டும்.