யாரைக் கண்டு அஞ்சுகிறோம்?

ஆகஸ்டுத் திங்கள் ஆறாம் நாளில் திருச்சபை ஆண்டவரின் உருமாற்றத்தைக் கொண்டாடுகிறது. அன்று திருப்பலிக்கு வெண்ணிற உடை அணிந்து பீடத்தின் முன் நிற்கும்போதெல்லாம், கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வேறொரு காட்சியும் என் கண்முன் வந்து நிற்கிறது. 2001ஆம் ஆண்டு அதே நாளில், பொழுது விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட அவர்களால் இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

அவ்வாண்டு நவம்பரிலேயே 'ஆளவந்தான்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட ஒருவன் தப்பி வெளியே வந்து, தன் உடன்பிறந்தவனின் மனைவியைக் கொல்லத் துடிப்பதுதான் கதை. படம் தீவிபத்துக்கு முன்பே எடுக்கப்பட்டது என்பதை நான் அறிவேன். எவர்மீதும் உள்நோக்கம் கற்பிக்க நான் வரவில்லை. ஆயினும் அந்த மூன்று மாத இடைவெளி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தப்ப முடியாமல் வெந்து மாண்டவர்களின் சாம்பல் ஆறுவதற்குள், 'தப்பி வந்துவிடுவானோ' என்று அஞ்சும்படி நமக்குத் திரை கற்றுக்கொடுத்தது. நாமும் காசு கொடுத்து அந்த அச்சத்தை வாங்கிக்கொண்டோம்.

பொழுதுபோக்குப் படங்களைப் பற்றி ஒரு பங்குச்சாமி இத்தனை வேகத்தோடு எழுதவேண்டுமா என்று வாசகர்கள் வியக்கலாம். என்னை எழுத வைத்தது படம் அன்று. கல்வராயன் மலையில் ஒரு தாய் சொன்ன சொல்.

வெள்ளிமலைக்கு அப்பால், பேருந்து நின்றுவிடும் இடத்திலிருந்து மேலும் நடந்து செல்லவேண்டிய சிற்றூர் அது. அக்குடும்பம் நம் கிளைப்பங்கைச் சேர்ந்ததன்று. எனினும் மலையில் துன்பம் என்றால் சாமியாரிடம் எல்லோரும் வருவார்கள். மரவள்ளிக் கொல்லையை ஒட்டிய வீட்டின் பின்புறத்தில், இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனைப் பலாமரத்தோடு கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவன் காதில் யாரோ ஓயாமல் பேசுவதாகச் சொன்னான். உறக்கம் போய்விட்டது, சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாக அஞ்சி உண்ண மறுத்தான். எவரையும் அடித்தவன் அல்லன். காட்டுக்குள் ஓடித் தொலைந்துவிடுவானோ என்றுதான் கட்டினார்களாம். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகலாம், அரசு மருத்துவமனையில் இதற்கென்றே மருத்துவர் இருக்கிறார் என்றேன். தாய் நடுங்கிப்போனார்.

"வேணாம் சாமி. அங்க இருட்டு ரூமுல போட்டு மண்டையில கரண்டு வெப்பாங்களாம். செத்தவுங்க ஆவியெல்லாம் அங்கதான் சுத்துதாம். சின்னவன் போன்ல காட்டுனான். எம்புள்ள இங்கயே கெடக்கட்டும்."

மலையில் பேசுவதற்குச் சமிக்ஞை கிடைப்பதே அரிது. படம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது! தம்பியின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பல படங்களின் துண்டுகள் அதில் இருந்தன. 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'கோஞ்சியாம்' என்ற கொரியப் படத்தின் காட்சிகளும் இருந்தன. 1996இல் மூடப்பட்ட உண்மையான ஒரு மனநல மருத்துவமனையின் பெயரைத் தலைப்பில் தாங்கி, அதைச் சுற்றி எழுந்த பேய்க்கதைகளை முதலாக்கிப் பிழைத்த படம் அது. கொரியாவில் பாழடைந்து கிடந்த ஒரு கட்டடம், நம் மலைவாழ் மகன் ஒருவனை மரத்தோடு கட்டிப்போட்டிருந்தது. அந்தக் கயிறு அவிழப் பதினான்கு மாதங்கள் ஆயின.

அந்தப் பதினான்கு மாதத்தில் என் பங்கும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இத்தகைய படங்கள் புதியவை அல்ல. ஜெர்மனியில் 1920இல் வெளிவந்த 'டாக்டர் காலிகாரியின் பெட்டகம்' என்ற மௌனப் படமே மனநோய் விடுதியில்தான் முடிகிறது. அதற்கும் முன்னர், 18ஆம் நூற்றாண்டு இலண்டனில், பெத்லெம் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர்களை வேடிக்கை பார்க்க மக்கள் சென்றார்கள். விலங்குக் காட்சிச்சாலைக்குப் போவதுபோல், சில காசு கொடுத்துவிட்டு, விடுமுறை நாளில்! அந்நகரம் பின்னர் வெட்கப்பட்டு அவ்வழக்கத்தை நிறுத்தியது. நாம் அதே காட்சியை இருட்டறையில் உட்கார்ந்து பார்க்கிறோம். வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

நம் தமிழ்ப் படங்களைப் பாருங்கள். 2005ஆம் ஆண்டு சித்திரையில் 'சந்திரமுகி' வந்தது. மனநோய் என்று அதில் வாய் சொல்கிறது. கண்ணுக்குக் காட்டப்படுவதோ பேய். ஓர் இரவுச் சடங்கிலும் ஒரு தந்திரத்திலும் நோய் தீர்ந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிப் பொறுமையோடு தேறும் பெண்ணின் கதையை எவரும் படமாக்கமாட்டார்கள் போலும். சில வாரங்களில் 'அந்நியன்' வந்தது. அதன் முடிவை நினைவுகூருங்கள். கதைத்தலைவன் நீதிமன்ற ஆணைப்படி மனநல மருத்துவமனையில் ஈராண்டு தங்கிக் குணமடைந்தவனாக வெளியே வருகிறான். வந்தபின், ஓடும் இரயிலில் மீண்டும் ஒருவனைக் கொல்கிறான். அரங்கம் கைதட்டியது. குணமாகித் திரும்புகிறவன் நடிக்கிறான், அவனை நம்பாதே என்று அந்த இரயில் காட்சி ஊருக்கு அறிவித்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த மகளுக்கு வரன் தேடும் தகப்பனும், பழைய வேலைக்குத் திரும்ப முயலும் தொழிலாளியும் அந்தக் கைதட்டலின் விலையைக் கொடுக்கிறார்கள்.

நகைச்சுவைக் காட்சிகள் செய்த கேட்டைத் தனியாகவே எழுதவேண்டும். 'கீழ்ப்பாக்கம்' என்பது சென்னையில் மக்கள் வாழும் ஒரு பகுதியின் பெயர். அதை வசைச்சொல்லாக்கிய பெருமை நம் திரைப்படத்துக்கும், அதைக் கேட்டுச் சிரித்த நமக்கும் உரியது. அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை ஏற்றவர் மருத்துவர் சாரதா மேனன். மனநல மருத்துவத்தில் இந்தியாவின் முதல் பெண் என்று போற்றப்படுபவர். நோயாளிகள் வீடு திரும்பவேண்டும், தொழில் செய்யவேண்டும் என்பதற்காகவே உழைத்து, 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கி, 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரை நம் பங்கில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றால் நற்கருணை வாங்கத் தயாராகும் சிறுவனுக்கும் தெரிகிறது.

'சாமி, மனநல மருத்துவமனைகளில் கொடுமையே நடக்கவில்லையா?' என்று கேட்பவர்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். நடந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை நாட்டின் மனநல மருத்துவமனைகள் பலவற்றின் அவலத்தை விரித்துச் சொன்னது. ஏர்வாடியையும் நான் மறக்கவில்லை. 1999இல் வந்த 'சேது' போன்ற ஒரு படம் சங்கிலியைக் காட்டியபோது அதில் உண்மையின் வலி இருந்தது. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் திகில் படம் இந்த வலியை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறது? சங்கிலியில் கிடப்பவனுக்காக நம்மை அழவிடுவதில்லை. அவனைக் கண்டு அலறச் சொல்கிறது. கொடுமைக்கு ஆளானவனே கொடியவன் ஆகிவிடுகிறான். இதுதான் என் வழக்கு. கற்பனைக்கு உரிமை வேண்டாம் என்பதோ, தடை செய்யுங்கள் என்பதோ அன்று. 2012இல் 'ஆரோகணம்' என்ற படம், உணர்வு எல்லை மீறி உயர்ந்தும் தாழ்ந்தும் அலைக்கழிக்கும் நோய்க்கு ஆட்பட்ட ஓர் ஏழைத் தாயை, இரண்டு பிள்ளைகளின் தாயாகவே காட்டவில்லையா? கற்பனை அங்கும் இருந்தது, பேய் இல்லை.

அந்த மலைத்தாய் அஞ்சிய 'கரண்டு' பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்னதிர்வுச் சிகிச்சை இன்றும் உண்டு. எல்லோருக்கும் தருவதில்லை, கடுமையான மனச்சோர்வு போன்ற சில நிலைகளில் மருத்துவர் தேர்ந்து தருவது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தபின்னரே அதைச் செய்யவேண்டும். அவையின்றிச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதையும் அதே சட்டம் விலக்கியிருக்கிறது. அச்சட்டம் 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. திரையில் இன்னும் விழித்திருப்பவனைக் கட்டிவைத்து, பல்லைக் கடிக்கவைத்து, பொறி பறக்கவிடுகிறார்கள்.

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். திரைப்படக்காரரைச் சாடிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது.

அந்த இளைஞனை முதல்முறை என்னிடம் அழைத்து வந்தபோது, மலைக்கோயிலில் அவன் தலையில் கைவைத்து மன்றாடினேன், தீர்த்தம் தெளித்தேன், 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலை கள்ளக்குறிச்சியில் ஒரு திருமணப் பேச்சு இருந்தது, நேரமாகிவிட்டது. மன்றாடியதில் தவறில்லை. மன்றாட்டோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. மருத்துவர் என்ற சொல் அன்று என் வாயில் வரவில்லை. சாமியார் தண்ணீர் தெளித்ததைக் கண்ட ஊர், 'பேய்தான், சாமியே ஓட்டினார்' என்று முடிவு கட்டிக்கொண்டது. திரைப்படம் விதைத்த நிலத்தை உழுது கொடுத்தவன் நான்.

இத்தனைக்கும் நான் குருமடத்தில் படித்தவன். ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு நடத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1172 கூறுகிறது. 1999இல் வெளியிடப்பட்ட புதிய சடங்குமுறை, நோயைப் பேய் என்று மயங்கிவிடாதபடி எச்சரிக்கையாய் இருக்கவும், தேவைப்படின் மருத்துவ அறிவுடையோரைக் கலந்தறியவும் பணிக்கிறது. 1973இல் வெளிவந்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்தைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் கற்றுக்கொண்டது இந்த அடக்கத்தை அல்ல. நம் திருத்தலங்கள் சிலவற்றின் தூண்களிலும் மனிதர்கள் கட்டப்பட்டுக் கிடந்ததை என் இளமையில் கண்டிருக்கிறேன். ஏர்வாடித் தர்காவின் பெயரைச் சொல்லி முகம் சுளிக்கும் தகுதி நமக்கு இல்லை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கெரசேனர் பகுதியில் ஒருவன் கல்லறைகளில் வாழ்கிறான். விலங்குகளாலும் சங்கிலிகளாலும் பலமுறை கட்டியிருக்கிறார்கள். இரவெல்லாம் கூச்சலிட்டுத் தன்னைக் கற்களால் காயப்படுத்திக்கொள்கிறான். திகில் படத்துக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. இயக்குநர் ஒருவர் இங்கேயே நிறுத்திவிடுவார். இயேசுவோ அவனுடைய பெயரைக் கேட்கிறார். பின்பு அவன் ஆடை அணிந்து, அறிவு தெளிந்து அமர்ந்திருக்கிறான். நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே வாசித்துச் சென்ற ஒரு குறிப்பு அங்கே இருக்கிறது: ஊரார் அச்சம் கொண்டது அப்போதுதான். அவன் கல்லறையில் கத்தியபோது பழகிப்போயிருந்தார்கள். அவன் தெளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அஞ்சி, இயேசுவையே ஊரைவிட்டுப் போய்விடும்படி வேண்டினார்கள். குணமடைந்தவனோ அவரோடு வர விரும்புகிறான். அவர் இசையவில்லை, அவனை அவன் வீட்டுக்கு, அவன் உறவினரிடம் அனுப்புகிறார். மருத்துவம் முடியும் இடம் வீடு. அந்த வீட்டின் கதவைத்தான் நம் படங்கள் சாத்தி வைக்கின்றன.

கள்ளக்குறிச்சி மக்களுக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. குடியிலிருந்து மீளச் சிகிச்சை தருவதும் மனநல மருத்துவர்தான். 'அந்த டாக்டரிடமா? நான் என்ன பைத்தியமா?' என்று கேட்டுத் திரும்பிப்போன குடும்பத் தலைவர்களை எனக்குத் தெரியும். 14416 என்ற எண்ணை அழைத்தால் இரவிலும் ஒருவர் தமிழில் பேசுவார், கட்டணம் இல்லை. கோயில் வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரும் பார்க்காத வேளையில் வந்து குறித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும், குறித்துக்கொண்டால் சரி.

உருமாற்றத்துக்குத் திரும்புகிறேன். ஓவியர் இரபேல் 1520இல் இறக்குமுன் தீட்டிய கடைசிப் பெரிய ஓவியம் அதைப் பற்றியதே. இன்று வத்திக்கானில் இருக்கிறது. மேற்பாதியில் ஒளிமயமான ஆண்டவர்; கீழ்ப்பாதியில், மலையடிவாரத்தில், வலிப்புற்றுத் துடிக்கும் ஒரு சிறுவனும், அவனைத் தாங்கி நிற்கும் தகப்பனும், என்ன செய்வதென்று அறியாமல் கைகாட்டிக்கொண்டிருக்கும் சீடர்களும். நற்செய்தியிலும் இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன. மலையில் கூடாரம் அமைத்துத் தங்கிவிட விரும்பினார் பேதுரு. ஆண்டவர் இறங்கி அந்தச் சிறுவனிடம் வந்தார்.

பலாமரத்தில் கட்டப்பட்டிருந்த அந்த இளைஞன் இப்போது மாதம் ஒருமுறை தாயோடு வெள்ளிமலையில் பேருந்தேறி, கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி வந்து மாத்திரை வாங்கிச் செல்கிறான். முழுவதும் தெளிந்துவிட்டான் என்று சொல்லமாட்டேன். சில வாரங்கள் பேசாமல் இருக்கிறான். மாத்திரையால் உடல் பருத்துவிட்டது, கை சற்று நடுங்குகிறது. மரவள்ளி பிடுங்கப் போகிறான், கூலி வாங்குகிறான். முதல்நாள் மருத்துவமனை வாசலில் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்த அந்தத் தாய், நீண்ட வரிசையையும், சுவரோரம் அமர்ந்து மாத்திரைச் சீட்டை எண்ணிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியையும், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய செவிலியையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்:

"இவ்வளவுதானா சாமி?"