சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை

வாசுதேவநல்லூரில் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் வந்து அமர்ந்தார். சங்கரன்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். நாம் கேட்டதற்கெல்லாம் தலையசைத்தார். ஆனால் பதில்கள் கேள்விகளோடு பொருந்தவில்லை. நண்பர் அவர் முகத்துக்கு நேரே சென்று பேசியபின் சிரித்தபடி, “சத்தம் கேக்குது தம்பி, சொல்லுதான் வெளங்கல” என்றார்.

மருத்துவர்கள் சொல்வதும் இதுவே. பேரிரைச்சல் உட்செவியின் மயிரணுக்களை அழிக்கிறது. அவை மீண்டும் முளைப்பதில்லை. முதற்சேதம் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அலைவெண்களில் நேர்கிறது. உயிரொலிகளின் வலு பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் அவை தப்புகின்றன. ச, த போன்றவற்றைப் பிரித்தறிய உதவும் கூறுகள் மங்குகின்றன. நம் இலக்கணச் சொற்களில் சொன்னால், உயிர் கேட்கிறது, மெய் நழுவுகிறது. பேரக்குழந்தையின் மழலைதான் முதலில் கைவிட்டுப் போகும்.

நாடா இருபுறமும் அடிபட்டு ஓடும் தறிக்கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம்; 100-ஐ எட்டுவதும் உண்டு. இந்தியத் தொழிற்சாலை மாதிரி விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரமும், 100 டெசிபலில் 2 மணி நேரமும் மட்டுமே அனுமதித்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இடம்பெற்றிருந்தது. அதற்கு மாற்றாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானோர் உழைக்கும் கொட்டகையை இச்சட்டங்கள் பொதுவாக எட்டுவதில்லை. நம் பக்கத்துத் தறிக்கூடங்களில் பல அத்தகையவையே.

காதடைப்பான் மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் அணிவதில்லை என்று கேட்பது எளிது. தறியாளர் தம் தறியைக் காதாலும் கண்காணிக்கிறார். ஓசை மாறினால் கோளாறு என்று அறிகிறார். அடுத்தவர் கூப்பிடுவதும் எச்சரிப்பதும் காதில் விழ வேண்டும். செவி நலமாக இருப்பவருக்கு அடைப்பானோடும் பேச்சு ஓரளவு விளங்கும்; ஏற்கெனவே பாதி இழந்தவருக்கோ அது மிச்சத்தையும் மறைத்துவிடும். சக மனிதரிடமிருந்து தம்மைத் துண்டிக்கும் காப்பை எவரும் நெடுநேரம் அணியமாட்டார். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்வது நியாயமன்று.

லங்காஷயரின் பழைய நெசவாலைகளில் தொழிலாளர்கள் உதட்டசைவாலும் கையசைவாலும் பேசிக்கொள்ள ஒரு முறையையே உருவாக்கினர். நம் தறிக்காரர்களுக்கும் சைகைகள் உண்டு. இன்று அதற்கு மேலும் வழியிருக்கிறது. விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது தரையில் நிற்பவரின் காதுமூடிக்குள் விமானியின் குரல் ஒலிக்கிறது. இரைச்சல் வெளியே நிற்கிறது. இருவழி வானொலியைக் காதுமூடிக்குள் பொருத்திய கருவிகளும் உள்ளன. வெறும் வாக்கிடாக்கியைக் கையில் கொடுப்பது இதற்கு ஈடாகாது; இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டக் கூட்ட, அதுவே செவிக்கு இன்னொரு அடியாகும்.

எட்டுத் தறி ஓடும் கொட்டகைக்கு இக்கருவிகளின் விலை கட்டுப்படியாகாது என்பதை நாம் அறிவோம். பெரிய நூற்பாலைகளுக்குக் கட்டுப்படியாகும். சிறிய கூடங்களில் காதடைப்பானோடு, தோளைத் தொட்டு அழைக்கும் வழக்கமும், ஆளைக் கூப்பிட ஒரு விளக்கும், ஆண்டுக்கொரு செவிப் பரிசோதனையும், தறிகளுக்கு உரிய பராமரிப்பும் இருந்தாலே சேதம் வெகுவாகக் குறையும். பேச்சுக்கு வழிசெய்யாமல் செவிக்கு மட்டும் காப்புத் தேடுவது வீண் என்பதே நம் கருத்து.

கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’க்கு ஓர் அதிகாரம் வைத்த நூலை நாம் மேடைதோறும் கொண்டாடுகிறோம். நாம் உடுத்தும் வேட்டியை நெய்தவருக்கு அந்த மேடைப்பேச்சு விளங்குமா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.