பீங்கானின் நிறமும் பழத்தின் புளிப்பும்

பெருநாள் நெருங்கினால் வெலிமடைக் கடைவீதியில் பீங்கான் சாமான்களுக்கு மவுசு கூடிவிடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, பச்சை என்று அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் ஒரு 'செட்' வாங்கிப் போக யாருக்கும் மனம் வரும். அழகை விரும்புவதில் குற்றமில்லை. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஹுதைபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. வண்ணப் பீங்கானுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வாங்கும்முன் கவனிக்க வேண்டிய வேறொரு விஷயம் இருக்கிறது.

பீங்கானின் பளபளப்புப் பூச்சிலும் நிறங்களிலும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் சேர்க்கப்படுவதுண்டு. பளிச்சென்ற சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிறங்களுக்குக் கட்மியம் பயன்படும். உரிய சூட்டில் சுடப்படாத பூச்சிலிருந்து இவை உணவில் கசியும். புளிப்பான உணவு, அதிக நேரம், சூடு ஆகிய மூன்றும் அந்தக் கசிவைக் கூட்டும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்கு அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது கண்ணால் பார்த்தோ கையால் தட்டியோ கண்டுபிடிக்கக் கூடியதல்ல.

ஆகவே சகோதரிகளே, உணவு படும் உட்பக்கம் வெள்ளையாகவும், நிறம் வெளிப்பக்கத்திலோ விளிம்பிலோ மட்டும் உள்ளதாகவும் பார்த்து எடுங்கள். விரலால் தடவும்போது பூ வேலைப்பாடு தட்டுப்பட்டால், அது பூச்சின் மேல் வரையப்பட்டதாக இருக்கக்கூடும். அதை அலங்காரத்துக்கு வையுங்கள். தயாரித்தவர் பெயர் அடியில் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். நம் நாட்டிலேயே மாத்தளையில் 1972 முதல் நொரிட்டாக்கே நிறுவனத்தின் தொழிற்சாலை உண்டு. தங்கொட்டுவை பீங்கான் நிறுவனம் 1984இல் தொடங்கியது. மெலமைன் தட்டுகள் கீழே விழுந்தாலும் இலகுவில் உடையாது என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் உணவைச் சூடாக்கக் கூடாது. கொதிக்கும் புளிக்குழம்பை ஊற்றாமல் இருப்பதும் நல்லது.

இனி அதில் என்ன பரிமாறுவது? விருந்தென்றால் வட்டிலப்பம்தான் என்றில்லை. பப்பாசி, அன்னாசி, வாழைப்பழம், பிபிலைத் தோடம்பழம் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். பாதித் தேசிக்காயைப் பிழிந்து விட்டால் வாழைப்பழம் சீக்கிரம் கறுக்காது. ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணியும் சேர்த்தால் போதும். ஜெலி சேர்க்க விரும்பினால் கடற்பாசியில் செய்யுங்கள். பச்சை அன்னாசியும் பப்பாசியும் ஜெலட்டினை உறைய விடாது. ஜெலட்டின் எந்த மிருகத்திலிருந்து வந்தது என்ற சந்தேகமும் கடற்பாசியில் இல்லை. நபியவர்கள் பேரீச்சம்பழத்தோடு வெள்ளரிக்காயைச் சேர்த்துச் சாப்பிட்டதாக ஹதீஸில் வருகிறது. எளிய பண்டம் விருந்துக்குக் குறைவாகாது.

இந்தக் கலவை புளிப்புள்ளது. கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து வைத்து, உண்ணும் நேரத்தில் பீங்கானில் பரிமாறுங்கள். மிஞ்சியதை வண்ணக் கிண்ணத்தில் இரவு முழுக்க வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல பீங்கான்கள் விருந்தாளிக்கென்று அலுமாரியில் இருக்கும். விளிம்பு உடைந்ததும், பூச்சு மயிரிழையாக வெடித்ததும் தினமும் பிள்ளைகள் முன்னால் வைக்கப்படும். ஈயமுள்ள பூச்சாக இருந்தால், அதிகம் கசிவது அப்படித் தேய்ந்து வெடித்ததிலிருந்துதான். அதிகம் பாதிக்கப்படுவதும் பிள்ளைகள்தான். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது கடமை. பிள்ளைகளோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கடன்பட்டு முப்பது உருப்படி 'செட்' வாங்குவது வீண்விரயம். வீட்டிலுள்ளோர் எண்ணிக்கைக்கு ஆறு நல்ல பீங்கான் வாங்கி, அவற்றை அன்றாடம் பிள்ளைகளுக்கே கொடுங்கள். வெடித்தவற்றைக் குசினியிலிருந்து இன்றைக்கே அகற்றுங்கள்.