கேரியரைக் காணோம்

மும்பையின் புறநகர் ரயில் நிலையங்களில் ஏதாவது ஒன்றின் வாசலில் காலை பத்து மணி வாக்கில் நின்றால், சைக்கிளில் சுமை ஏற்றுவது எப்படி என்பதற்கு இலவசமாகவே பாடம் கிடைக்கும். வெள்ளைத் தொப்பி அணிந்த டப்பாவாலா கனமான கறுப்பு சைக்கிளில் வந்து இறங்குவார். பின்பக்கக் கேரியரின் இரு புறமும் சாப்பாட்டுப் பைகள் தொங்கும். ஹேண்டில்பாரிலும் சில. முதுகில் மட்டும் எதுவும் இருக்காது. 1890-ல் தொடங்கிய தொழில் இது. எதை எங்கே தொங்கவிட்டால் வண்டி ஆடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதே வாசலைக் கடந்து இன்னொரு சைக்கிளும் போகும். அலுமினிய ஃபிரேம், 21 கியர், டிஸ்க் பிரேக். ஓட்டுபவரின் முதுகில் ஆமை ஓடு போல ஒரு பை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவர் தோள்களை மாற்றி மாற்றி அசைத்துக்கொள்கிறார். அலுவலகம் போய்ச் சேரும்போது சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் ஈரம். அவருடைய வண்டியின் விலை டப்பாவாலாவின் வண்டியைப் போல மூன்று மடங்காவது இருக்கும். ஆனால் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைக்க அதில் இடம் கிடையாது.

கேரியர் எங்கே போயிற்று? லூதியானாவின் ஹீரோவும், சோனிபட்டின் அட்லஸும், சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸும் நாடெங்கும் பரப்பிய பழைய கறுப்பு சைக்கிளில் அது கேள்விக்கு இடமில்லாத ஓர் உறுப்பு. புது வண்டி வாங்கினால் கடைக்காரரே கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் மாட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டுத்தான் வெளியே தள்ளுவார். அந்தக் கேரியரில் மனைவி உட்கார்ந்தார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உட்கார்ந்தது, தீபாவளிக்கு முன் அரிசி மூட்டையும் உட்கார்ந்தது. 1990-களில் தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாருமாக மலை சைக்கிள்களின் சாயலில் வண்டிகள் வந்தன. மலை ஏறுபவருக்கு மூட்டை எதற்கு? கேரியர் போயிற்று, பல வண்டிகளில் மட்கார்டும் கூடவே போயிற்று. அந்த வண்டியை வாங்கியவர்களில் மலை ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

இதில் தயாரிப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேரியர் வைத்த சைக்கிள் பால்காரரின் சைக்கிள், எரிவாயு சிலிண்டர் கொண்டுவரும் பையனின் சைக்கிள் என்ற எண்ணம் வாங்குபவர் மனதில் ஊறிப்போயிருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் வண்டியில் முன்னூறு ரூபாய்க் கம்பியை மாட்டினால் அதன் அழகு கெட்டுவிடும் என்று கடையிலேயே சொல்கிறார்கள். வாங்க வந்தவரும் உடனே ஒப்புக்கொள்கிறார். அழகு என்ற சொல்லுக்குள் மரியாதையும் ஒளிந்திருக்கிறது.

இந்த வெட்கத்துக்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவிகிதம் பேர் சைக்கிளில் போனார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வேறு வழி இல்லை, எனவே கேரியர் உள்ள வண்டியே அவர்களிடம் இருந்தது. வேறு வழி இருந்தும் சைக்கிளைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். 2020 ஊரடங்குக்குப் பிறகு பெங்களூரு, புனே, டில்லி என்று எல்லா ஊர்களிலும் சைக்கிள் வாங்கியவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உற்சாகமாக 30 கி.மீ. ஓட்டுபவர் திங்கட்கிழமை 7 கி.மீ. தூர அலுவலகத்துக்குக் காரை எடுக்கிறார். கேட்டால் தூரம், போக்குவரத்து, வெயில் என்பார். கொஞ்சம் கிளறினால் பை வெளியே வரும்.

பையை ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. லேப்டாப்பும் சார்ஜரும் சேர்ந்து 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சாப்பாட்டு டப்பா இன்னொரு கிலோ. நல்ல பூட்டாக இருந்தால் அதுவும் ஒரு கிலோவை நெருங்கும். மாற்றுச் சட்டை, துண்டு, மழைக்கோட்டு, பையின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் 6 கிலோவைத் தாண்டிவிடும். நடக்கும்போது இந்த எடையை முதுகெலும்பு நேராக நின்று தாங்குகிறது. சைக்கிளில் உடம்பு முன்னே சாய்ந்திருப்பதால் சுமை கழுத்திலும் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறங்குகிறது. வண்டியின் எடை மையமும் உயர்கிறது. ஆட்டோ திடீரென்று குறுக்கே வரும்போது சட்டென்று வளைத்தால், பை ஒரு கணம் தாமதித்து வளைகிறது. அந்த ஒரு கணம் போதும்.

இதனால் முதுகுப்பையே கூடாது என்று அர்த்தமில்லை. மூன்று, நான்கு கி.மீ. தூரம், இரண்டு மூன்று கிலோ சுமை என்றால் அதுவே சௌகரியம். மார்புக்குக் குறுக்கே பூட்டும் பட்டையும் இடுப்புப் பட்டையும் உள்ள பையாக இருக்க வேண்டும். ஒற்றைத் தோளில் தொங்கும் ஜோல்னாப் பை சைக்கிளுக்கு ஆகாது. பாதி வழியில் வயிற்றுப் பக்கம் சுழன்று வந்து முழங்காலில் இடிக்கும். ஹேண்டில்பாரில் துணிப்பையைத் தொங்கவிடுவது இன்னும் மோசம். காய்கறிக் கடையிலிருந்து வீடு வரை என்று மாட்டிய பை முன்சக்கரத்தின் கம்பிகளுக்குள் ஒரே ஒரு முறை நுழைந்தால், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறந்து விழுவார். முன்னால்தான் வைக்க வேண்டும் என்றால் பெண்கள் சைக்கிளில் வரும் கம்பிக் கூடை நல்லது. கீழே தாங்கு கம்பி அச்சு வரை இறங்கியிருக்க வேண்டும்; வெறுமனே ஹேண்டில்பாரைக் கவ்வும் கூடை குழிக்குக் குழி குலுங்கும்.

தினமும் போகிறவருக்கு விடை பின்பக்கக் கேரியர்தான். அதை வாங்கும் முன் வண்டியைக் குனிந்து பார்க்க வேண்டும். பின் அச்சுக்குச் சற்று மேலே இரு பக்கமும் மரை உள்ள சிறு துளைகள், சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் இன்னும் இரண்டு துளைகள். இந்த நான்கும் இருந்தால் கவலையில்லை. நான்கு இடத்தில் போல்ட் போட்டு முடுக்கும் அலுமினியக் கேரியர் 25 கிலோ வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். துளைகள் இல்லை என்றால் சீட் கம்பியைக் கவ்விக்கொண்டு பின்னால் நீளும் கேரியர் ஒன்றைக் கடைக்காரர் காட்டுவார். பார்க்க நாகரிகமாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் மாட்டலாம். ஆனால் பெரும்பாலும் 9, 10 கிலோதான் அதன் எல்லை, அதுவும் சாலை நன்றாக இருந்தால். பக்கவாட்டில் பை தொங்கவிட்டால் மெல்லத் திரும்பி ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். மேலே ஒரு சட்டைப் பையைக் கட்டிக்கொண்டு போகத்தான் அது லாயக்கு.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு. இடப்பக்கம் பிரேக்கின் கவ்வி துருத்திக்கொண்டிருப்பதால் கேரியரின் கால் அதில் மோதும். இதற்கென்றே கால் அகட்டிச் செய்த கேரியர்கள் கிடைக்கின்றன. வண்டியைக் கடைக்கே கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது. பின்பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டியை வேலைக்குப் போக வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது.

அடுத்தது பை. கேரியரின் பக்கவாட்டில் கொக்கிகளில் தொங்கும் பைகளை வெளிநாடுகளில் ஜோடியாக விற்கிறார்கள். இந்தியச் சாலைக்கு ஒன்று போதும், அதுவும் இடப்பக்கம். முந்திச் செல்லும் பேருந்தும் ஆட்டோவும் வலப்பக்கம்தான் உரசும். கியர் மாற்றும் பொறியும் செயினின் கிரீஸும் அந்தப் பக்கமே. இடப்பக்கம் சுமை ஏற்றினால் சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், இதையும் வீட்டு வாசலில் முதலிலேயே சோதித்துவிட வேண்டும். லேப்டாப்போடு வண்டி சரிந்து விழும் சத்தம் யாருக்கும் இனிமையாக இருக்காது.

பையில் பார்க்க வேண்டியது அதன் முதுகு. சக்கரத்தின் பக்கம் இருக்கும் பகுதி பலகை போல விறைப்பாக இல்லையென்றால், குழியில் இறங்கும்போது உள்ளே வளைந்து கம்பிகளில் உரசும். தொங்கும் வார்கள் இருந்தால் வெட்டிவிட வேண்டும் அல்லது செருகிவிட வேண்டும். சேலையும் துப்பட்டாவும் சிக்காமலிருக்கப் பெண்கள் சைக்கிளில் பின்சக்கரத்தின் மேல் போடும் வலைக் காப்பு இதற்கும் உதவும். ஆண்கள் மாட்டிக்கொண்டால் யாரும் சிரிக்கப்போவதில்லை.

குதிகால் விஷயத்தைப் பலரும் பையை வாங்கிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். பழைய கறுப்பு சைக்கிளின் பின்பகுதி நீளமானது. புதிய வண்டிகள் சற்றுக் குட்டை. பெடலை மிதிக்கும்போது குதிகால் ஒவ்வொரு சுற்றிலும் பையை இடிக்கும். அலுவலகத்துக்குப் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பையைக் கொஞ்சம் பின்னே தள்ளலாம். அச்சைத் தாண்டி அதிகம் தள்ளினால் வண்டி வாலாட்டும்.

விலைதான் பலரைத் தயங்கவைக்கிறது. ஜெர்மனியில் 1982-ல் தொடங்கிய ஆர்ட்லீப் நிறுவனத்தின் பைகள் உலகப் புகழ் பெற்றவை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. இந்தியாவுக்கு வந்து சேரும்போது ஒரு ஜோடியின் விலையில் ஒரு சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம். அந்தப் பைக்கு மூல யோசனை எது தெரியுமா? லாரியின் தார்பாய். இந்தியாவில் லாரி நிற்கும் ஊரில் எல்லாம் தார்பாய் தைப்பவர் இருக்கிறார். கேரியரின் அளவையும், உள்ளே வைக்கும் பொருளின் அளவையும் எழுதிக் கொடுத்து, முதுகுக்கு ஒரு மெல்லிய பிளைவுட் பலகையும் கொடுத்தால் அவர் தைத்துத் தருவார். பத்திரிகை போடுபவர்கள் கேரியரின் குறுக்கே போட்டுக்கொள்ளும் இரட்டைப் பையைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவையில்லை. கொக்கிதான் கடினம், அதைச் சைக்கிள் கடையில் தனியாகத் தேட வேண்டும். ஊசித் துளை வழியாக மழை இறங்கத்தான் செய்யும். லேப்டாப்பைத் தடித்த பாலிதீன் உறையில் போட்டு வாயை மூன்று மடிப்பு மடித்துவிட்டால், ஜூலையில் மும்பையையும் நவம்பரில் சென்னையையும் சமாளிக்கலாம்.

லேப்டாப்பை நிற்கவைத்தே எடுத்துப்போக வேண்டும். அதன் அடியில் பஞ்சு இரண்டு விரல் கனத்துக்கு இருக்க வேண்டும். கேரியரின் மேல் படுக்கவைத்து எலிப்பொறி போன்ற அந்த ஸ்பிரிங்கின் கீழ் செருகுவது தற்கொலைக்குச் சமம். ஃபைல்களுக்கு வேண்டுமானால் அந்த ஸ்பிரிங் போதும். மற்ற சாமான்களைக் கட்ட, பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டையை மிஞ்சியது இன்னும் வரவில்லை. நாடு முழுவதும் எந்தப் பங்ச்சர் கடையிலும் கிடைக்கும். கொக்கி வைத்த வண்ண வண்ண எலாஸ்டிக் கயிறு சீக்கிரம் தொய்ந்துபோகும், கொக்கி நழுவினால் முகத்தில் அடிக்கும்.

சாப்பாடு ஒரு தனி அத்தியாயம். கேரியரில் கேரியரை வைப்பது தமிழ் வீடுகளுக்குப் பழக்கமான காட்சிதான். ஆனால் படுத்த டிபன் கேரியர் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டினாலும் சாம்பாரை உள்ளே வைத்துக்கொள்ளாது. வடக்கே தால் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே அனுபவம். பக்கவாட்டுப் பைக்குள் துண்டைச் சுற்றி நிமிர்ந்து நிற்கவைத்து, லேப்டாப்புக்கும் அதற்கும் நடுவே மாற்றுச் சட்டையைத் திணித்தால் இரண்டும் பிழைக்கும். சட்டை சற்றுக் கசங்கும்.

நிறுத்திவிட்டுப் போகும் இடமும் பையைத் தீர்மானிக்கிறது. அலுவலக வளாகத்தில் காவலாளி இருந்தாலும் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு போகும்படி இருக்க வேண்டும். நான்கு முடிச்சு அவிழ்க்க வேண்டிய பை டீக்கடை வாசலில் வண்டியிலேயே தங்கிவிடும், திரும்பி வரும்போது இருக்காது.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், முதல் வாரம் முடிந்ததும் கேரியரின் நான்கு போல்ட்களையும் ஒருமுறை முடுக்க வேண்டும். சாலையின் அதிர்வில் அவை முதலில் தளரும். மேலே உள்ள போல்ட் விழுந்தால் கேரியர் பையோடு பின்னே சரிந்து சாலையில் இழுபடும். ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பேனர் கையில் இல்லையென்றால் போகிற வழியில் எந்தச் சைக்கிள் கடையிலும் நிறுத்தலாம். பெரும்பாலான கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை.