மூணு கிலோ அரிசியும் ஒரு பிராமும்!

வீட்டுல ஒரு எஞ்சினீயரிங் ஸ்டூடன்ட் இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மிக்ஸி மக்கர் பண்ணினாலும் அவன்தான், ஃபேன் சத்தம் போட்டாலும் அவன்தான். ‘நான் மெக்கானிக்கல்மா, எலெக்ட்ரிகல் இல்ல’ன்னு சொன்னா, ‘அப்ப எதுக்குடா ஃபீஸ் கட்டுறோம்?’னு ரெடியா பதில் வரும்!

போன மாசம் எனக்கு வந்த அசைன்மென்ட் கொஞ்சம் வித்தியாசமானது. கொடுத்தது எங்க அக்கா. “டேய், பாப்பாவுக்கு ஒரு பிராம் வாங்கணும். நல்ல டிசைனா நீயே பார்த்து வாங்கிட்டு வா!”

பாப்பாவுக்கு அப்போ 22 நாள். எடை 3 கிலோ 200 கிராம். சிசேரியன்ல பொறந்த குட்டி தேவதை. அம்மா உடனே தடா போட்டாங்க. “உங்க ரெண்டு பேரையும் தூளியிலயும் இடுப்புலயும் வச்சுத்தான் வளர்த்தேன். நம்ம தெருவுக்குத் தள்ளுவண்டி ஒரு கேடா?”

அக்கா எதுவும் பேசல. ராத்திரி மெதுவா சொன்னா. “டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்றாங்க. பாப்பாவைத் தூக்கிட்டு நடந்தா தையல் இழுக்குது. விட்டுட்டுப் போனா மனசு நிக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நான் தெருவையே பார்க்கலடா...”

அதுவரைக்கும் ஜாலியா இருந்த எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. பிராம் பாப்பாவுக்கு மட்டும் இல்ல பாஸ், அக்காவுக்கும்தான்!

சேல்ஸ்மேன் சிரிச்ச கதை

மறுநாள் கடைக்குப் போனேன். கையில அம்மா வாங்கிட்டு வரச் சொன்ன மூணு கிலோ பச்சரிசி. கடையில சிவப்பு கலர்ல ஒண்ணு பளபளன்னு நின்னுச்சு. பாட்டில் வைக்க இடம், செல்போன் வைக்க இடம், அழுத்தினா பாட்டு பாடுற பொம்மை... ‘பிறந்த குழந்தை முதல்’னு அட்டையும் தொங்குச்சு. பர்ஸை எடுத்துட்டேன். அப்பதான் அரிசிப் பை மேல கண்ணு போச்சு. நம்ம பாப்பாவும் கிட்டத்தட்ட இதே எடைதானே?

சீட்டை முழுசா சாய்ச்சு, பையை அதுல படுக்க வச்சேன். முழுசா சாய்ச்சும் அது சரிவாத்தான் நின்னுச்சு. ரெண்டு தள்ளு தள்ளினேன். பை மெதுவா சறுக்கி, நடுவுல மடிஞ்சு, கீழ வந்து குந்திக்கிச்சு. “தம்பி, அரிசிக்கு எதுக்கு பிராம்?”னு சேல்ஸ்மேன் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

ஏன்னா, பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிக்காது. நிக்கவே மூணு, நாலு மாசம் ஆகும். தானா உட்கார ஆறு மாசம் வாக்குல ஆகும். அதுக்கு முன்னாடி உட்கார வச்சா, கனமான தலை முன்னால தொங்கி, தாடை நெஞ்சுல முட்டும். குழந்தையோட மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது. இப்படி மடங்கினா அடைபடலாம். சத்தம்கூட வராது. அதனால நியூபார்னுக்கு ரூல் நம்பர் ஒன்: கட்டில் மாதிரி சமமாப் படுக்கணும். மெத்தை கெட்டியா இருக்கணும், தலையணை கூடாது. மத்ததெல்லாம் அப்புறம்தான்!

நான் காப்பியடிச்ச கணக்கு

சரி, சமமாப் படுக்கற மாடல்லயும் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல 6 இஞ்ச் சக்கரம், இன்னொண்ணுல 10 இஞ்ச். சின்னச் சக்கரம்தான் பார்க்க க்யூட், விலையும் கம்மி. எங்க வீட்டு கேட்ல ஒரு வாசப்படி இருக்கு. உயரம் 5 சென்டிமீட்டர்.

ஃபர்ஸ்ட் இயர் எஞ்சினீயரிங் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா மக்களே? உருளையைக் கட்டை மேல ஏத்த எவ்வளவு விசை வேணும்னு ஒரு ப்ராப்ளம் வருமே... நான் அதைப் பக்கத்து பெஞ்ச்ல பார்த்து எழுதி 52 மார்க் வாங்கினவன். கடை வாசல்ல நின்னு, பில் பேப்பர் பின்னாடி அதையே உட்கார்ந்து போட்டேன், முதல் தடவையா சொந்தமா!

படுக்கை வசமா தள்ளினா, 6 இஞ்ச் சக்கரத்தை 5 செ.மீ. படி ஏத்த, சக்கரம் சுமக்கிற பாரத்தைப் போல 2.7 மடங்கு விசை வேணும். 10 இஞ்ச் சக்கரத்துக்கு 1.3 மடங்கு போதும். பாதிக்கும் கீழ! நிஜத்துல கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கித்தான் ஏத்துவோம். அப்பவும் பெரிய சக்கரம்தான் குழி, கல்லு, சாக்கடை மூடினு எல்லாத்துலயும் சுலபமா ஏறி இறங்கும். எக்ஸாம்ல அந்த விசைக்கு பேர் வெறும் ‘எஃப்’. இங்க அது அக்காவோட தையல்ல விழுற இழுப்பு. இந்தக் கணக்கு இவ்வளவு முக்கியம்னு எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்ல!

தாத்தா செஞ்ச வண்டி

1733-ல இங்கிலாந்துல டெவன்ஷயர் பிரபு வீட்டுக் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் செஞ்ச வண்டிதான் பிராமுக்கு முன்னோடின்னு சொல்வாங்க. அதை ஆடோ, குட்டிக் குதிரையோ இழுக்கணும். அதாவது, அது விளையாட்டு வண்டி. 1889-ல அமெரிக்காவோட பால்டிமோர்ல வில்லியம் ரிச்சர்ட்சன்னு ஒருத்தர், குழந்தை தள்ளுறவங்க முகத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைக்கிற வண்டிக்கு பேடன்ட் வாங்கினார். நியூபார்னுக்கு இன்னிக்கும் அதுதான் பெஸ்ட். குழந்தைக்கு மூச்சு சீரா இருக்கா, முகத்துல துணி விழுந்திருக்கானு நாம பார்த்துக்கிட்டே போகலாம்.

எனக்குப் பிடிச்ச ஹீரோ ஓவன் மக்ளாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட சக்கர அமைப்புல வேலை பார்த்த எஞ்சினீயர். பேரக்குழந்தையைக் கூட்டிட்டு வந்த மகள், கனமான வண்டியோட மல்லுக்கட்டறதைப் பார்த்திருக்கார். விமானத்துல கத்துக்கிட்ட அலுமினியக் குழாய் வித்தையை வச்சு, குடை மாதிரி மடங்குற வண்டி செஞ்சு, 1965-ல பேடன்ட்டுக்கு விண்ணப்பிச்சார். எடை மூணு கிலோவுக்கும் கம்மி!

ஆனா, அது கொஞ்சம் வளர்ந்து உட்காரத் தெரிஞ்ச குழந்தைக்கு. நம்ம 22 நாள் பாப்பாவுக்கு செட் ஆகாது. இன்னொரு பாடமும் அங்கயே இருக்கு. 2009 நவம்பர்ல அதே மக்ளாரன் பேர்ல இருந்த கம்பெனி, அமெரிக்காவுல வித்த சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைச்சுது. மடக்கி விரிக்கிற கீல்ல சிக்கி 12 குழந்தைகளோட விரல் நுனி துண்டானதா புகார். தீர்வு என்ன தெரியுமா? கீலை மூட ஒரு சின்ன உறை, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய டிசைனா இருந்தாலும், ஒரு பிஞ்சு விரல் எங்கெல்லாம் போகும்னு யோசிக்கலைன்னா ஃபெயில்தான்!

பிரேக்கும் அப்படித்தான். அதே 2009 அக்டோபர்ல, ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன் ரயில் பிளாட்ஃபார்ம்ல அம்மா கையை எடுத்த சில விநாடிகள்ல பிராம் உருண்டு ரயில் முன்னாடி விழுந்தது. அந்த ஆறு மாசக் குழந்தை அதிசயமாப் பிழைச்சுது. தட்டையா தெரியுற இடத்துலயும் சரிவு இருக்கும். நின்னா பிரேக், எப்பவும்!

கடைசியில வாங்கினது, சமமாப் படுக்கற, 10 இஞ்ச் சக்கரம் வச்ச, கைப்பிடி உயரத்தை மாத்துற மாடல். அக்கா அஞ்சடி, மாமா ஆறடி, நடுவுல முட்டி வலியோட அம்மா... மூணு பேருமே தள்ளணுமே! எடை 9 கிலோ. மாடிக்குத் தூக்கினா அக்காவுக்கு ஆகாது. அதனால கீழ படிக்கட்டுக்கு அடியில, என் சைக்கிளை வெளியேத்திட்டு அந்த இடத்தைப் பிராமுக்குக் கொடுத்தாச்சு. பாட்டு பாடுற பொம்மை இல்லை. அரிசிப் பை மட்டும் கடை முழுக்க ஒரு ரவுண்டு அசையாமப் படுத்துட்டு வந்துச்சு!

ஒரு சாயங்காலம் வெயில் இறங்கினதும் அக்கா கிளம்பினா. கேட் வாசப்படியில நான் ஓடிப்போய் பிடிக்கப் பார்த்தேன். “தள்ளுடா, நானே போறேன்”னா. கைப்பிடியை லேசா அழுத்தினா, முன்சக்கரம் ஏறுச்சு, பின்சக்கரம் ஏறுச்சு. பாப்பா முழிக்கவே இல்ல. பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்தா. முகத்துல ஒரு தெளிச்சி. மறுநாள் அஞ்சு மணிக்கு அம்மா கேட்டாங்க: “இன்னிக்கு நான் தள்ளவா?”

நம்மள்ல பல பேருக்கு இன்னும் ரெண்டு, மூணு வருஷத்துல மாமா, சித்தப்பா, சித்தி, அத்தைனு ப்ரொமோஷன் கன்ஃபர்ம். உங்ககிட்டயும் யாராவது இதே அசைன்மென்ட்டைக் கொடுப்பாங்க. கலரைப் பார்க்காதீங்க. ‘யார் தள்ளப் போறாங்க, எங்க தள்ளப் போறாங்க’ன்னு முதல்ல கேளுங்க. அதுதான் டிசைன்!

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

* மூணு கிலோ அரிசிப் பை எடுத்துட்டுப் போங்க. படுக்க வச்சுத் தள்ளிப் பாருங்க. சறுக்கினா வேண்டாம்.

* உங்க வாசப்படி, லிஃப்ட் கதவு, படிக்கட்டு அடி... மூணையும் அளந்துட்டுப் போங்க.

* ஒரு கையால மடக்கி விரிச்சுப் பாருங்க. விரிச்சதும் பூட்டு விழுற சத்தம் கேட்கணும். கீல் எல்லாம் மூடியிருக்கணும்.

* உட்காரும் வயசு வந்ததும் அஞ்சு முனை பெல்ட் வேணும்: தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, கால் நடுவுல ஒண்ணு.

* கைப்பிடியில காய்கறிப் பையை மாட்டாதீங்க. பின்சக்கரத்துக்கு வெளியில பாரம் தொங்கினா, சீசா மாதிரி வண்டி பின்னால சாயும். பை கீழ்க் கூடையில!

* வெயிலுக்குக் குடை ஓகே. முழுசாப் போர்வை போட்டு மூடாதீங்க. காத்து போகாம உள்ள சூடு ஏறிடும்.

* எஸ்கலேட்டர்ல பிராமா? நோ! லிஃப்ட்தான்.