வடக்குச் சந்தில் ஆடாதோடை

எங்கள் வீட்டு வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்து. காலையில் அரை மணி வெயில் எட்டிப் பார்த்தால் அதிகம். நான் அங்கே வைக்காத செடியில்லை. ரோஜா இலையை உதிர்த்தது. மல்லிகை கொடியாய் ஓடியதே தவிர, ஒரு மொட்டு விடவில்லை. "அங்கேயே போய்க் காசைக் கொட்டறியே" என்று இவர் சிரிப்பார். கடைசியில் கைகொடுத்தது, ஊரிலிருந்து ஓசியில் வந்த ஆடாதோடைக் குச்சிதான்!

ஐப்பசி மழையில் நட்டேன். பென்சில் கனம், சாண் நீளம் போதும். ஓரளவு முற்றின கிளையாக இருக்கணும். நுனிப் பச்சை அழுகிவிடும். இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி வைத்து, தண்ணீர் தேங்காமலிருக்க மணல் கலந்துவிட்டேன். துளிர் விட்டதும் வேர் பிடித்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், ஒன்று போயிற்று!

வருஷம் முழுக்கப் பச்சை. இலை கசப்பு, ஆடுகூடத் தொடாது. பேரே அப்படித்தானே வந்தது என்பார்கள். ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ நிழலில் கொஞ்சமாகத்தான் பூக்கும். வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாய் உயர்ந்தால், பூ ஓய்ந்ததும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள்; பக்கத்தில் அடர்ந்து கிளைக்கும். வெட்டின தழை உரக்குழிக்கு.

இருமலுக்குக் கஷாயம் வைக்க இலை கேட்டுத் தெருவே வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு மருமகள் இருமிக்கொண்டே வந்தாள். நானும் கை நிறையப் பறித்துவிட்டேன். கூடத்திலிருந்து மாமியார் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. "அடியே, அவளுக்குக் கொடுக்காதே! முழுகாமல் இருக்காளே!" நாலு மாசமாம். எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை.

பிறகு டாக்டரம்மா விளக்கினார். இந்த இலையில் வாசிசின் என்று ஒன்று இருக்கிறதாம். புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உண்டானதே அதை வைத்துத்தானாம். ஆனால் அந்த வாசிசினே கருப்பையைச் சுருங்கவும் வைக்குமாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கைக்குழந்தைக்கும் நாமாகக் கொடுக்கக் கூடாது என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது யார் கேட்டாலும், "யாருக்கு?" என்று விசாரிக்காமல் கிளையைத் தொடுவதில்லை. அந்தப் பெண் போன ஐப்பசியில் இடுப்பில் குழந்தையோடு வந்து இரண்டு குச்சி வாங்கிப் போனாள். அவள் வீட்டுக் கிணற்றடியும் நிழல்தான்.